ஒரு சபாஷ்... ஒரு சாவு!

1

செல்போன் அலறியது.

இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்த ரெஹானாவின் கை பாதியில் நின்றது. திரையில் 'பொன்னுராஜ் சார்'. விடிந்தும் விடியாமல் முதலாளி கூப்பிட்டால் நல்ல சேதிக்கா கூப்பிடுவார்?

"சொல்லுங்க சார்..."

"ரெஹானா... சின்னக்கருப்பு செத்துட்டான்மா!"

"எந்த சின்னக்கருப்பு சார்?"

"மில்லு ஃபிட்டரும்மா! போன மாச நட்சத்திரம்! நீயும் நானும் பக்கத்துல நின்னு பொன்னாடை போத்துனோமே... அவன்!"

"யா அல்லாஹ்! எப்பிடி சார்?"

"ஷிஃப்டுக்குப் பைக்குல போயிருக்கான். மில்லு ரோட்டு வளைவுல எவனோ திருஷ்டிப் பூசணிக்காய உடைச்சுப் போட்டிருக்கான். அதுல ஏத்தி வழுக்கி விழுந்துட்டான். பின்னாடி வந்த வண்டி மேல ஏறிப் போயிருச்சு. எந்த வண்டின்னு தெரியல. நிக்கக்கூட இல்லயாம்!"

இட்லி தட்டுக்கே திரும்பிப் போனது.

மூன்றாவது சாவு!

தேனியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இயங்கியது பொன்சாஃப்ட். அது செய்து விற்றது ஒரே ஒரு சரக்கு. 'சபாஷ்' என்ற சாஃப்ட்வேர். மில்லிலோ ஆலையிலோ ஒரு கம்ப்யூட்டரை வைப்பார்கள். திரை முழுக்கத் தொழிலாளிகளின் படங்கள். ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் தங்கள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, அன்றைக்குத் தங்களுக்கு உதவியவர் படத்தை விரலால் தொட வேண்டும். தொட்டால் அவருக்கு ஒரு சபாஷ். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. மாதக் கடைசியில் அதிகம் சபாஷ் வாங்கியவர்தான் 'இந்த மாத நட்சத்திரம்'. பொன்னாடை, பரிசு, சுவரில் பெரிய படம்!

மூன்று மாதங்களுக்கு முன்னால் செங்கமலம் ஸ்பின்னிங் மில் இதை வாங்கியது.

முதல் நட்சத்திரம் முல்லையாற்றில் மிதந்தது.

இரண்டாவது நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த தன் வீட்டின் மாடியிலிருந்து விழுந்தது.

இப்போது சின்னக்கருப்பு.

"மில்லுல ஆளுக கொதிக்கிறாகளாம்," என்றார் பொன்னுராஜ். "கண்ணு பட்டுருச்சு, மெஷின எடுங்கன்னு கத்துறாகளாம். நீ போய்ச் சமாதானம் பண்ணு. டாலரு விழுந்ததுல வெளிநாட்டு ஆர்டரு அம்புட்டும் ஊத்திக்கிச்சு. இந்த மில்லும் போச்சுன்னா கம்பெனிக்குப் பூட்டுதான்!"

போன் கட்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள் ஜெய்த்தூன் பீவி. ரெஹானாவின் அம்மா.

"யாருக்கு என்னம்மா?"

ரெஹானா சொன்னாள்.

"பின்ன? மாஷா அல்லாஹ் சொல்லாம ஒருத்தரப் புகழ்ந்தா வேற என்ன ஆகும்? அந்தப் பொல்லாத மெஷினுக்கு அது சொல்லத் தெரியுமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாமயா மூணு மௌத்து விழுது?"

அந்தப் பொல்லாத மெஷினின் மூளையை எழுதியவளே அவள்தான். ஏழு வருடமாகப் பொன்சாஃப்டில் இருக்கிறாள். ஊர் உலகத்துக்கெல்லாம் சபாஷ் விற்ற பொன்னுராஜ், அவளிடம் ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவள் உயிரைக் கொடுத்து வேலையை முடித்து வைத்தால் ஒரு 'ம்' வரும். அதுவும் மனிதர் நல்ல மூடில் இருந்தால். ஊருக்குத்தான் உபதேசம்!

ஒரு நல்ல வார்த்தைக்கு அவள் எவ்வளவு ஏங்கினாள் என்பது அவளுக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரியும்.

ஸ்கூட்டியை உதைத்தாள். உத்தமபாளையத்தை விட்டு வெளியே வந்து சின்னமனூர் பக்கம் திரும்பினாள்.

2

மில் ரோட்டு வளைவில் கூட்டம். உடலை எடுத்துப் போயிருந்தார்கள். ரத்தத்தின் மேல் மணல் கொட்டியிருந்தார்கள். பைக் மட்டும் திராட்சைத் தோட்டத்து வேலியில் சாய்ந்து கிடந்தது.

பூசணிக்காய் அப்படியே கிடந்தது. வளைவு முடிகிற இடத்தில், ரோட்டை அடைத்துச் சிதறியிருந்தது.

ரெஹானா குனிந்து பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"யாரும்மா அது? அங்கன என்ன பாக்குறீக?"

இன்ஸ்பெக்டர் கருத்தக்கண்ணன். நரைத்த மீசை, இரக்கமான கண்கள். கையில் டீ டம்ளர்.

"சார், நான் ரெஹானா. மில்லுல சபாஷ் மெஷின் வச்ச கம்பெனி."

"ஓ... நட்சத்திரக் கம்பெனியா! விபத்தும்மா. நேத்து அமாவாசை. எவனோ திருஷ்டி கழிச்சிருக்கான். பாவம், நல்ல பையன்."

"சார்... இது திருஷ்டிக்கு உடைச்ச பூசணி இல்ல."

டம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது.

"எப்பிடிச் சொல்றீக?"

"திருஷ்டிக்கு வெள்ளைப் பூசணிதான் உடைப்பாக. இது மஞ்சப் பூசணி, குழம்புக்குப் போடுறது. உள்ள குங்குமம் தடவுவாக, இதுல குங்குமத்தையே காணோம். சில்லறைக் காசு போடுவாக, அதுவும் இல்ல."

"காச எவனாச்சும் பொறுக்கியிருப்பான். குங்குமத்த மழை கழுவியிருக்கும்."

"எங்க சார் மழை? மண்ணு புழுதியா கிடக்கு பாருங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். மீசையைத் தடவினார்.

"நீங்க பாய் வீட்டுப் பொண்ணு. உங்களுக்கு எப்பிடிம்மா இம்புட்டு விவரம்?"

"எங்க தெருமுனை முச்சந்தி சார். ஊரே அங்கன வந்துதான் உடைக்கும். சின்னதுல அந்தக் காசப் பொறுக்கி மிட்டாய் வாங்கித் தின்னு அத்தாகிட்ட அடி வாங்கியிருக்கேன்."

கருத்தக்கண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்க ஆளுக ஒருத்தனுக்குக்கூட இது தோணல பாருங்க. சபாஷ்!"

ரெஹானா திடுக்கிட்டாள்.

ஏழு வருடத்தில் முதல் சபாஷ்! ஒரு செத்தவனின் ரத்தத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சந்தோஷப்படலாமா? கூடாதுதான். ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"அப்ப இது கொலையா சார்?"

"மெதுவா, மெதுவா. நீங்க சொன்ன மூணு பாயிண்டயும் மனசுல போட்டுக்கிட்டேன். யார்கிட்டயும் வாய் திறக்காதீக. இதா என் நம்பரு. எதுன்னாலும் எனக்கு அடிங்க. எந்த நேரம்னாலும்!"

நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டாள்.

3

மில் கேண்டீனில் ஒப்பாரி.

சுவரில் மூன்று நட்சத்திரங்களின் படங்கள். மூன்றுக்கும் மாலை. மேனேஜர் சுந்தர்ராஜ் கௌரவமாக இருக்கட்டும் என்று முதல் நாளே சந்தன மாலை வாங்கி மாட்டியிருந்தார். உயிரோடு இருக்கிறவன் படத்துக்கு மாலை போட்டால் இந்த ஊரில் யார் தாங்குவார்கள்?

ரெஹானாவைப் பார்த்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"பாப்பா, என் போட்டோவ எடுத்துரு தாயி!"

"என்னைய யாரும் பாராட்ட வேணாம் ஆத்தா! நான் வேலையே ஒழுங்கா பாக்கல!"

"கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாதும்பாக. இந்த மெஷினு வந்ததுலருந்து கண்ணடிதான்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். நாற்பது வயதிருக்கும். தலைமுடியில் பஞ்சுத்தூசி. நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்க்கிற சங்கிலியம்மாள்.

"ஏ, தள்ளுங்கடி! பாப்பாவ மூச்சு விட விடுங்க. மெஷினு என்ன செய்யும்?"

அவள் சொன்னதும் எல்லோரும் தள்ளி நின்றார்கள். ரெஹானா அதைக் கவனித்தாள்.

சங்கிலியம்மாளைத் தனியே மெஷின் பக்கம் அழைத்துப் போனாள். திரை பளிச்சென்றிருந்தது. முதல் படமாகச் சிரித்துக்கொண்டிருந்தது ரெஹானாவின் படம். எப்படித் தொட வேண்டும் என்று தொழிலாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக ஆரம்பத்தில் போட்டது. எடுக்க மறந்திருந்தார்கள்.

"அக்கா, இந்த மாசம் யாருக்கு அதிகமா சபாஷ் விழுதுன்னு தெரியுமா?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

சங்கிலியம்மாளின் முகம் வெளுத்தது. ஆனாலும் சிரித்தாள்.

"எனக்கு எதுக்குடி விழுது? ஒரு புள்ள கையில மெஷினு மாட்டிருச்சு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். ஒருத்திக்குக் காய்ச்சல், அவ ஷிஃப்டையும் சேத்துப் பாத்தேன். அப்புறம் போனஸு..."

"போனஸா?"

"தீபாவளிக்குப் போனஸு தரலயில்ல? சங்கம் வச்சுக் கேப்போம்னு பேசுனோம். மொதல்ல பேசுனது செத்துப்போன ஞானபாக்கியம் அக்கா. பெறகு மாடியிலருந்து விழுந்தாரே, அந்த மேஸ்திரி அண்ணன். அவரு போனதும் சின்னக்கருப்பு தம்பி. இப்ப எல்லாரும் என்னையப் பேசச் சொல்றாக."

ரெஹானாவுக்கு ஒரு பழைய வேலை ஞாபகம் வந்தது.

இரண்டு மாதங்களுக்கு முன்னால் மேனேஜர் சுந்தர்ராஜ் அவளிடம் ஒரு வேலை கேட்டிருந்தார். 'யார் யாருக்குச் சபாஷ் போடுறாங்கன்னு கோடு கோடாப் போட்டு ஒரு படம் வேணும் மேடம். எந்த ஆளைச் சுத்தி அதிகக் கோடு வருதோ, அவரைத் தடிச்ச புள்ளியா காட்டணும்.' அவளும் ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். சிலந்தி வலை மாதிரி அழகாக வந்தது. பெருமைகூடப் பட்டாள்!

நடுவில் உட்கார்ந்திருக்கும் தடித்த புள்ளி யார்? எல்லோரும் நேசிக்கிறவர். எல்லோரும் அவர் பேச்சைத்தான் கேட்பார்கள்.

அப்படிப்பட்டவர்தானே சங்கம் வைப்பார்!

பாராட்டுவதற்காக இந்த மெஷினை வாங்கவில்லை. பொறுக்கி எடுப்பதற்காக வாங்கியிருக்கிறார்கள்!

"அக்கா... நட்சத்திரங்களுக்குப் பரிசா குக்கர் கொடுத்தாகல்ல?"

"எங்க கொடுத்தாக? பொன்னாடை மட்டும் இங்கன போத்துனாக. குக்கரு வீடு தேடி வரும்னாக. மூணு பேரு வீட்டையும் தேடி எழவுதான் வந்துச்சு!"

வீடு தேடி...

நட்சத்திரத்தின் பெயர் முடிவானதும் மெஷின் தானாக மூன்று பேருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும். பொன்னுராஜ். சுந்தர்ராஜ். மூன்றாவது, சுந்தர்ராஜ் கொடுத்த ஒரு நம்பர். 'பலவேசம், பரிசு சப்ளையர்.'

கேண்டீன் மூலையில் ஒரு ரூபாய் போன். ரெஹானா காசைப் போட்டு அந்த நம்பரை அழுத்தினாள்.

மறுமுனையில் கரகரத்த குரல்.

"என்ன சார், மில்லு போன்லருந்தே பேசுறீக? மாசம் முடியலயே, அதுக்குள்ளயா? சரி, சொல்லுங்க. இந்த மாசம் ஆணா, பொண்ணா? வண்டியில போற ஆளா, நடையா?"

ரிசீவர் அவள் கையிலிருந்து நழுவி, வயரில் தொங்கி ஆடியது.

4

"உனக்கு எதுக்கும்மா ஊர் வம்பு?" பொன்னுராஜ் போனில் கெஞ்சினார். "நாம சபாஷ எண்ணிக் கொடுக்குறோம். அம்புட்டுதான்! வாங்குனவன் அத வச்சு என்ன செய்யுறான்னு நமக்கெதுக்கு?"

"சார், நாளைக்கு மாசக் கடைசி! நாளைக்கு அந்த அக்கா பேரு வந்தா..."

"கத்தி செஞ்சு விக்கிறவன் கொலைக்குப் பொறுப்பாவானா?"

"யார வெட்டணும்னு அடையாளம் காட்டுற கத்திய நாமதான சார் செஞ்சோம்?"

பொன்னுராஜ் செருமினார்.

"மெஷின நிறுத்துறேன் சார்."

"முடியாது. பாஸ்வேர்டெல்லாம் மேனேஜரு மாத்தி வாங்கிக்கிட்டாரு. கேட்டாரு, கொடுத்துட்டேன்." குரல் தாழ்ந்தது. "எனக்கும் புள்ளகுட்டி இருக்கு ரெஹானா. என்னைய விட்டுரு."

அடுத்து கருத்தக்கண்ணனுக்கு அடித்தாள். சிலந்திப் படம், பலவேசம், போனில் கேட்ட கேள்வி... ஒன்று விடாமல் சொன்னாள்.

"பிரமாதம்மா!" என்றார் இன்ஸ்பெக்டர். "கேஸ நீங்களே முடிச்சுட்டீக போலருக்கே! ஆனா கையில கெட்டியா ஆதாரம் வேணும். அதுவரைக்கும் மூச்சு விடாதீக. நான் பாத்துக்கிறேன்."

"நாளைக்கு அந்த அக்கா பேரு வந்தா சார்?"

"நான் இருக்கேன்ல?"

இருந்தாலும் ரெஹானாவுக்கு மனசு ஆறவில்லை. சங்கிலியம்மாளிடம் வந்தாள்.

"அக்கா, எங்கயாச்சும் போயிருங்க. கேரளாப் பக்கம்... எஸ்டேட்டுக்கு..."

"எங்கன போவேன்? மகளுக்குத் தையில கல்யாணம். நான் ஓடிப்போனா, 'ஆத்தாக்காரி ஓடிட்டா'ன்னு மாப்பிள்ளை வீட்டுல பேச மாட்டாக? அதுக்கு மெஷினே தேவலாம்."

"அப்ப ஒரே வழிதான் இருக்கு."

மெஷினில் ஒருவருக்குப் போட்ட சபாஷைத் திரும்பப் பறிக்க முடியாது. ஆனால் மற்றவர்களுக்குக் கூட்டலாம். நாளை ஷிஃப்ட் முடிகிறபோது அத்தனை பேரும் கண்டபடி தொட வேண்டும். ஆளுக்கொரு படத்தை, மறுபடி மறுபடி தொட வேண்டும். எல்லோரும் சமமாகி விட்டால் தடித்த புள்ளி இருக்காது. நட்சத்திரமும் இருக்காது.

"மொத்தத்துல உங்கள மட்டும் தொடக்கூடாது. எல்லார்கிட்டயும் சொல்வீங்களா அக்கா?"

"நீ சொன்னேன்னு சொன்னாலே போதும். கேப்பாக." சங்கிலியம்மாள் அவள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெற்றிப் பொட்டில் சொடுக்கிக்கொண்டாள். "பெத்த புள்ள மாதிரி வந்து நிக்கிறியே தாயி. யாரு பெத்த புள்ளையோ!"

ரெஹானாவுக்குக் கண் கலங்கியது.

5

மறுநாள், பிற்பகல்.

ஷிஃப்ட் சங்கு ஊதியது.

மெஷின் முன்னால் வரிசை. இத்தனை நாள் பயந்து ஓடியவர்களா இவர்கள்? கோயில் கூட்டம் மாதிரி நின்றார்கள். ஒவ்வொருவரும் முன்னால் போனார்கள். தொட்டார்கள். மறுபடி மறுபடி தொட்டார்கள். திரும்பும்போது கேண்டீன் தூணோரம் நின்ற ரெஹானாவைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு கிழவர் கைகூப்பினார்.

மாடி ஜன்னலில் சுந்தர்ராஜ். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கடைசி ஆளும் தொட்டு முடித்தார். திரை இருண்டது. மெஷின் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது.

ரெஹானா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் வாணவேடிக்கை வெடித்தது. அதுவும் அவள் வரைந்த வாணவேடிக்கைதான். கீழே எழுத்து ஒவ்வொன்றாக வந்தது.

'இந்த மாத நட்சத்திரம்... ரெஹானா!'

கேண்டீனே அதிரும்படி கைதட்டினார்கள்.

"அக்கா!" ரெஹானாவின் குரல் உடைந்தது. "என்ன செஞ்சீக அக்கா? பரவலாத் தொடச் சொன்னேனே!"

சங்கிலியம்மாள் முகம் மலர வந்தாள்.

"சொன்னேன் தாயி. யாரு படத்தத் தொட்டாலும் அவுகளுக்குக் கண்ணு பட்டுருமேன்னு பயந்தாக. அப்புறம்தான் உன் படம் மொத ஆளா இருக்கிறதப் பாத்தோம். நீ மில்லு ஆளு இல்ல, உன்னைய எந்தக் கண்ணும் அண்டாது. எங்க உசுரக் காப்பாத்த வந்த புள்ளைக்கு நாங்க வேற எப்பிடி நன்றி சொல்ல? அம்புட்டுப் பேரும் ஒருமனசா உனக்கே போட்டுட்டோம்!"

ஏழு வருடம் ஒரு சபாஷுக்கு ஏங்கினாளே! இதோ, ஒரு மில்லே அள்ளிக் கொட்டிவிட்டது.

அவளுக்கு அழவும் தெரியவில்லை, சிரிக்கவும் தெரியவில்லை.

பின்னால் ஒற்றைக் கைதட்டல். சுந்தர்ராஜ் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் சந்தன மாலை போட்ட ஒரு காலி ஃப்ரேம்.

"கங்கிராஜுலேஷன்ஸ் மேடம்!" பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "தொழிலாளிங்க யார் பேச்சைக் கேப்பாங்கன்னு கண்டுபிடிக்கத்தான் இந்த மெஷின். எங்களுக்கு மாசக்கணக்கில் ஆச்சு. நீங்க ஒரே நாள்ல மொத்தப் பேரையும் வளைச்சுட்டீங்களே! ஒரு காபி சாப்பிட்டுத்தான் போகணும்."

"வேணாம் சார்."

"சாப்பிட்டுத்தான் போகணும்." வாட்ச்மேன் கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

காபி வந்தது. ஆறியது. அவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அவருடைய செல்போன் ஒரு தடவை முனகியது. எடுத்துப் பார்த்தார்.

"சரி மேடம். நீங்க கிளம்பலாம்."

கேட் திறந்தது.

ரெஹானா ஸ்கூட்டியில் உட்கார்ந்ததும் பொன்னுராஜுக்குத்தான் முதலில் அடித்தாள். எஸ்.எம்.எஸ். அவருக்கும் போயிருக்குமே!

போன் ஸ்விட்ச்டு ஆஃப்.

அடுத்து இன்ஸ்பெக்டர்.

"சார்! இந்த மாசம் என் பேரு வந்துருச்சு சார்! என்னையக் கொன்னுருவாக!"

"பதறாதீக, பதறாதீக. நான் இருக்கேன். இப்ப எங்கன இருக்கீக?"

"மில்லு வாசல்ல சார்."

"எந்த ரோட்டுல வருவீக? வழக்கமான ரோடு வேணாம்."

"வாய்க்கால் கரை ரோட்டுல போறேன் சார். அது யாருக்கும் தோணாது."

"அதான் சரி! நீங்க கிளம்புங்க. பின்னாடியே ஜீப் அனுப்புறேன். தைரியமா இருங்க!"

கதிகலங்கிய மனசில் ஒரு துளி நம்பிக்கை விழுந்தது. அம்மா ஞாபகம் வந்தது. அசர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டிருப்பாள். வீட்டுக்குப் போனதும் அவள் மடியில் முகத்தைப் புதைத்து அழ வேண்டும்.

வாய்க்கால் கரை. ஒரு பக்கம் ததும்பி ஓடும் தண்ணீர். மறுபக்கம் திராட்சைத் தோட்டத்து முள்கம்பி வேலி. ஒரு வண்டி போனால் இன்னொரு வண்டி ஒதுங்க இடமில்லை. வெயில் இன்னும் இறங்கவில்லை. ஈ காக்கை இல்லை.

வளைவு.

ரெஹானா வேகத்தைக் குறைத்தாள். நல்லவேளை!

ரோட்டை அடைத்துக்கொண்டு பூசணிக்காய்!

பிரேக்கைப் பிடித்தாள். ஸ்கூட்டி முனகி, பூசணிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. விழவில்லை. கீறல்கூட இல்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்கிட்டயேவா?" என்று வாய்விட்டே கேட்டாள். "ஒரே வித்தைய எத்தன தடவைடா காட்டுவீக?"

குனிந்து பார்த்தாள்.

வெள்ளைப் பூசணி.

உள்ளே ரத்தச் சிவப்பில் குங்குமம் தடவியிருந்தது.

நடுவில் ஒரு ரூபாய் நாணயங்கள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

அவளுடைய சிரிப்பு உதட்டிலேயே செத்தது.

மஞ்சள் பூசணி என்று அவள் குறை சொன்னது ஒரே ஒரு ஆளிடம்தான். குங்குமம் இல்லை, காசு இல்லை என்றும் அந்த ஆளிடம்தான் சொன்னாள்.

வாய்க்கால் கரை ரோட்டில் வருகிறேன் என்று சொன்னதும் அந்த ஒரே ஆளிடம்தான்!

ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி... அவளும் தானே துள்ளி வந்து விழுந்திருக்கிறாள்.

பின்னால் வளைவில் ஒரு வண்டி உறுமியது.

இன்ஸ்பெக்டர் கருத்தக்கண்ணன் சொன்ன சொல் தவறாதவர். ஜீப் அனுப்பிவிட்டார். ஓட்டி வந்தவன் பக்கத்து சீட்டில், அட்டைப் பெட்டி பிரிக்காமல், ஒரு புது குக்கர்.

ரெஹானா வாய்க்காலைப் பார்த்தாள். முள்கம்பியைப் பார்த்தாள். கண்ணை மூடிக் கலிமா சொல்ல ஆரம்பித்தாள்.

கீழே இருப்பவர்கள் சொல்லும் குறையை மேலே இருப்பவர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று இனி யாரும் புலம்ப வேண்டாம். ரெஹானா சொன்ன குறைகள் ஒன்றுவிடாமல் திருத்தப்பட்டிருந்தன!